வண்டிக்கூலிக் கணக்கில் கிடைத்த உபதேசியம்மாமார்: வடசென்னைச் சபை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ராயபுரத்துக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் ஒரு தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபை, ஆண்டு நிறைவு மலருக்காக 2023-இல் தன் வரலாற்றைத் தொகுக்க ஆரம்பித்தது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்த சபைகளில் ஒன்று இது. எந்த மிஷன் இதை நிறுவியது, எந்தத் தெருவில் இருக்கிறது என்பவை இங்கே சொல்லப்படவில்லை. ஆட்களின் பெயர்களும் விடப்பட்டுள்ளன. காரணம் பின்னால் வருகிறது.

மலரின் முதல் வரைவில் ஆயர்களின் பட்டியல் ஆண்டுவாரியாக இருந்தது. உபதேசியார்கள் (ஆயருக்கு உதவியாக வேதம் போதித்தவர்கள்), பாடகர் குழுத் தலைவர்கள், கோயில் மணி அடித்தவர் வரை பெயர் இருந்தது. பெண்கள் வந்த இடம் ஒன்றுதான். பழைய புகைப்படம் ஒன்றின் கீழே ‘பெண் ஊழியருடன்’ என்று ஒரு வரி. படத்தில் வெள்ளைச் சேலையில் நான்கு பேர், ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துணிப்பை. நால்வரில் ஒருவர் பெயரும் யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி இதைக் கமிட்டியில் எழுப்பினார். அதன்பேரில் ஆயர், சபைச் செயலாளர், சங்கத் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வாலிபர் இருவர், ஆவணப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற வெளியாள் ஒருவர் என்று ஒரு சிறு குழு அமைந்தது.

அந்த நால்வரும் செய்த வேலை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பைபிள் உமன் என்றும் உபதேசியம்மா என்றும் அழைக்கப்பட்ட பெண்கள், மிஷன்களின் பெண்கள் பிரிவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வேதம் வாசித்தார்கள், பாடினார்கள், எழுத்துக் கற்பித்தார்கள், சுவிசேஷப் பங்குகளை (வேதத்தின் ஒரு பகுதியை மட்டும் அச்சடித்த சிறு புத்தகங்களை) காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றார்கள். பெரும்பாலும் விதவைகள். பிழைப்புக்கு வழி வேண்டியிருந்தது. கைக்குழந்தை இல்லாததால் தெருவில் இறங்கி நடக்கவும் முடிந்தது. லண்டனில் எலன் ரேனியார்ட் 1857-இல் ஏழைப் பெண்களையே கூலிக்கு அமர்த்தித் தொடங்கிய முறை இந்தியாவுக்கு வந்தபோது, இங்கே அதற்கு இன்னொரு தேவையும் இருந்தது. ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீட்டுக்குள் அவர்களால் நுழைய முடிந்தது. வடசென்னையில் வேப்பேரி பென்டிங்க் பள்ளி, ராயபுரம் நார்த்விக் பள்ளி, பழைய வண்ணாரப்பேட்டை ரெய்னி ஆஸ்பத்திரி போன்ற இடங்களை ஒட்டிப் பெண்களிடையேயான மிஷன் வேலை பல தலைமுறைகளாக நடந்தது.

வெள்ளமும் டிரங்குப் பெட்டியும்

குழு தேடிக்கொண்டிருந்தது பக்கத்திலேயே இருந்தது. சபையாரில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் பாட்டி உபதேசியம்மாவாக இருந்தவர். பாட்டியின் டிரங்குப் பெட்டி கொருக்குப்பேட்டையில் பேத்தியின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மூழ்கடித்தபோது அந்தத் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோதுதான் உள்ளே இருப்பதை வீட்டார் சரியாகப் பார்த்தார்கள். 9 நோட்டுகள், ஒரு பாட்டுப் புத்தகம், வர்ணப் படச்சுருள் ஒன்று, ரசீதுகள் கோத்த கம்பி ஒன்று. எல்லாம் ஈரம்.

குழுவுக்குத் தகவல் வருவதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. ஒரு நோட்டை மொட்டை மாடியில் வெயிலில் விரித்திருந்தார்கள்; தாள்கள் அப்பளம் போலச் சுருண்டு ஓரங்களில் உடையத் தொடங்கியிருந்தன. தனியாகக் கழன்ற இரண்டு தாள்களை வீட்டுப் பையன் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்து வந்திருந்தான். நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் லேமினேஷன் சூட்டில் பசை தாளின் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு பிரிக்க வழியில்லை. உள்ளே சிக்கிய ஈரம் அந்தத் தாள்களில் பழுப்புத் திட்டாக இன்றும் தெரிகிறது.

உலர்த்திய விதம்

நனைந்த தாளில் சுமார் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்க ஆரம்பிக்கும். 9 நோட்டுகளையும் ஒரே நாளில் உலர்த்த ஆளும் இடமும் இல்லை. அந்த வட்டாரத்தில் கரண்ட்டும் சரியாக வரவில்லை. ஆகவே முதல் முடிவு உறைய வைப்பது. ஒவ்வொரு நோட்டையும் திறக்காமல், ஒட்டிய தாள்களைப் பிரிக்காமல், மேல் சேற்றை மட்டும் ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்து, தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சபையாரில் ஒருவர் நடத்தும் ஐஸ்கிரீம் கடையின் பெரிய ஃப்ரீசரில் வைத்தார்கள். மைனஸ் 18 டிகிரி போதும். உறைந்த நிலையில் பூஞ்சணம் வளராது. மையும் மேற்கொண்டு பரவாது. அவசரம் போய்விடும். இதுதான் இதில் கிடைத்த பெரிய லாபம்.

பிறகு ஒவ்வொரு நோட்டாக வெளியே எடுத்தார்கள். பத்துத் தாளுக்கு ஒன்று வீதம் அச்சடிக்காத வெள்ளை நியூஸ்பிரிண்ட்டைச் செருகி, முதல் நாள் இரண்டு மூன்று மணிக்கொரு தரமும் பின்பு காலை மாலையும் மாற்றினார்கள். அச்சடித்த செய்தித்தாள் கூடாது, அதன் மை ஒட்டிக்கொள்ளும். மின்விசிறி அறையில் ஓட வேண்டும், நோட்டின் மேல் நேராக அடிக்கக் கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. முக்கால்வாசி உலர்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே செங்கல் பாரம் ஏற்றினார்கள்.

மையின் வகையைப் பொறுத்து சேதமும் வேறுபட்டது. சாதாரணப் பென்சிலில் எழுதியது அசையவே இல்லை. இரும்புச் சத்துள்ள பழைய நீலக்கறுப்பு மை வெளிறியதே தவிர ஓடவில்லை. ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா விளக்கைக் காட்டியபோது வெளிறிய வரிகளும் கறுத்துத் தெரிந்தன. பிரச்சினை காப்பி பென்சிலில்தான். அந்தக் காலத்தில் அழியாத எழுத்துக்கென்று வாங்கிய பென்சில் அது, தண்ணீர் பட்டால் ஊதாச் சாயமாகக் கரைந்துவிடும். இரண்டு நோட்டுகள் முழுக்க அதில் எழுதியவை. பல பக்கங்களில் மூல எழுத்து மங்கிப்போய், எதிர்ப் பக்கத்தில் அதன் தலைகீழ் அச்சு ஊதா நிறத்தில் பதிந்திருந்தது. எதிர்ப் பக்கத்தைப் படம் எடுத்து, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி, ஆசிரியை வரிவரியாக வாசித்தார். மூலத்தில் போன எண்கள் பல அப்படித்தான் மீண்டன.

நோட்டுகளில் இருந்தது

ஒவ்வொரு பக்கமும் கையால் கோடு போட்ட கட்டம். தேதி, தெரு, போன வீடு, கேட்ட பெண்கள், வாசித்த பகுதி, பாடிய கீர்த்தனை, விற்ற பங்கு, வண்டி, விசேஷம். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை, அதன் கீழே மிஸ்ஸியம்மாவின், அதாவது பெண்கள் வேலையை மேற்பார்த்த வெளிநாட்டு மிஷனரிப் பெண்ணின், சுருக்கக் கையெழுத்து.

வீட்டுச் சந்திப்பு பெரும்பாலும் பகல் 11 முதல் 3 வரை. ஆண்கள் மில்லுக்கும் துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் போய், சமையல் முடிந்து, பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும் பொழுது. தண்டையார்பேட்டையில் சில நாட்கள் ‘குழாயடி’ என்றே இடம் குறிக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் வரும்வரை குடத்தோடு காத்திருக்கும் பெண்களிடம் பேசியிருக்கிறார். எப்போதும் இருவராகப் போயிருக்கிறார்கள். ஒருவர் பாட்டில் தொடங்குவார், மற்றவர் பகுதியை வாசித்து விளக்குவார், அடுத்த வீட்டில் மாற்றிக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு இரண்டு முறை மாட்டு வண்டியில் செங்குன்றம், பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் முகாம். அங்கே இரவில் மேஜிக் லாந்தர் (கண்ணாடித் தகட்டுப் படத்தை விளக்கொளியில் திரையில் பெரிதாக்கும் கருவி) வைத்துப் படம் காட்டியிருக்கிறார்கள். குழு நெடுநேரம் நின்றது அப்படி ஒரு இரவின் பதிவில்தான்: ‘இராத்திரி 8 மணி. லாந்தர். புருஷரும் ஸ்திரீகளுமாய்க் கூட்டம் 120. உபதேசியாருக்குக் காய்ச்சல். பேசினது நான். லூக்கா 15.’ அடுத்த இரவும் அவரே பேசியிருக்கிறார். உபதேசியாருக்குக் காய்ச்சல் தெளிந்த பிறகும், அந்த முகாம் முடியும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் பெயரே இருக்கிறது.

ஆண்டில்லாத நோட்டு

இந்த முகாம் இருக்கும் நோட்டில் ஆண்டு இல்லை, அட்டை போய்விட்டது. நோட்டு எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் நிற்கும் என்பதால் இதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்கள்.

ஜனவரி 5 திங்கட்கிழமை என்று ஒரு பதிவு. பாட்டி வேலை பார்த்திருக்கக்கூடிய காலத்தில் அது 1925, 1931, 1942, 1948, 1953 ஆகிய ஐந்து ஆண்டுகளுக்குப் பொருந்தும். அதே நோட்டில் ஈஸ்டர் ஏப்ரல் 5. 1925-இல் ஈஸ்டர் ஏப்ரல் 12, 1948-இல் மார்ச் 28, ஆகவே அவை இரண்டும் கழிந்தன. ஆனால் 1931, 1942, 1953 மூன்றிலும் ஈஸ்டர் ஏப்ரல் 5-தான். கிழமையையும் பண்டிகையையும் மட்டும் பார்த்துத் தேதி சொல்கிறவர்கள் சறுக்கும் இடம் இது.

பிறகு ஊரை வைத்துப் பார்த்தார்கள். ஜூலையில் ‘டிராம் 1 அணா’ என்று இருக்கிறது. மதராஸ் டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது, எனவே 1953 இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற பயத்தில் மதராஸ் பாதி காலியானது. துறைமுகத்தை ஒட்டிய ராயபுரமும் வண்ணாரப்பேட்டையும்தான் முதலில் கிளம்பியிருக்கும். இந்த நோட்டிலோ ஏப்ரல் இரண்டாம் பாதியில் வழக்கம் போல வீடு வீடாகக் கணக்கு இருக்கிறது. ஆகவே 1931. நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தை எல்லாப் பக்கங்களிலும் ‘ராயபுரம் ஆஸ்பத்திரி’ என்றே எழுதியிருப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது, அதற்கு ஸ்டான்லி என்ற பெயர் 1930-களின் நடுவில்தான் நிலைத்தது. இன்னொரு நோட்டில் ஏப்ரல் நடுவிலிருந்து பல வாரங்கள் வெற்றாக இருந்தன. கிழமைகளும் பொருந்தியதால் அதை 1942 என்று குறித்தார்கள்.

சபைப் புத்தகங்களில் ஏன் இல்லை

நோட்டு ஒரு குடும்பத்தின் கையில் இருந்த சான்று. சபையின் புத்தகங்களும் அதைச் சொல்ல வேண்டும் என்று ஆயர் வற்புறுத்தினார். சரியான வற்புறுத்தல். கமிட்டி நடவடிக்கைப் புத்தகத்தில் உபதேசியம்மாமார் ஒருவரும் வரவில்லை. ஊழியர் சம்பளப் பட்டியலிலும் இல்லை.

காரணம் பணம் வந்த வழி. பெண்கள் வேலைக்கான பணத்தை வெளிநாட்டில் பெண்கள் சங்கங்கள் தனியாகத் திரட்டித் தனியாக அனுப்பின. அது நேராக மிஸ்ஸியம்மாவின் கணக்குக்குப் போனது. சம்பளம் கொடுத்தவரும் அவரே, மாத ரிப்போர்ட் வாங்கியவரும் அவரே. சபைக் கமிட்டி தன் பணத்தில் கொடுக்காத சம்பளத்தைத் தன் புத்தகத்தில் எழுதவில்லை. கடைசி மிஸ்ஸியம்மா ஊர் திரும்பியபோது அந்தக் கணக்குப் புத்தகங்களும் பங்களாவோடு போய்விட்டன.

ஆனால் வண்டிக்கூலி மட்டும் சபைக் கணக்கில் இருந்தது. முகாமுக்குப் போன மாட்டு வண்டியும் சில நாள் ஜட்கா (குதிரை வண்டி) வாடகையும் சபையின் ரொக்கப் புத்தகத்தில் ‘சில்லறை’ என்ற தலைப்பில் பதிந்திருந்தன. எதிரில் ஏறிப்போனவர்களின் பெயர்கள். டிரங்குப் பெட்டியின் ரசீதுக் கம்பியோடு ஒப்பிட்டபோது 1931-இன் பல வரிகள் தேதி, தொகை இரண்டிலும் ஒத்தன. அந்தத் தலைப்பை மட்டும் பின்தொடர்ந்து 1920-களிலிருந்து 1957 வரை வாசித்ததில் 14 பெண்கள் கிடைத்தார்கள். 1957 ஏப்ரல் 1-இல் அணா போய் நயா பைசா வந்ததும் புதுப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் அந்தத் தலைப்பே இல்லை.

இங்கே ஒரு குழப்பமும் நேர்ந்தது. முதல் பட்டியலில் 13 பேர்தான், அவர்களில் ஒருவர் 30 வருஷத்துக்கு மேல் ஊழியம் செய்தவராகத் தெரிந்தார். அவ்வளவு நீண்ட காலம் என்பதே சந்தேகத்தைக் கிளப்பியது. திரும்பப் பார்த்தபோது ஒரே மாதத்தில் ஒரே பெயருக்கு இரண்டு வண்டிக்கூலி இருந்தது, ஒன்றில் பெயருக்கு முன்னால் ‘பெரிய’, மற்றதில் ‘சின்ன’. ஞானஸ்நானப் பெயர்கள் குறைவாகப் புழங்கிய காலத்தில் இது அடிக்கடி நேரும். அடக்கப் பதிவேட்டில் புருஷன் பெயரையும் தகப்பன் பெயரையும் வைத்து இருவரையும் பிரித்தார்கள்.

கமிட்டியில் எழுந்த இரண்டு வாதங்கள்

மலரில் இதை எப்படிப் போடுவது என்று பேசியபோது இரண்டு பக்கமும் அழுத்தம் வந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர், ‘வீட்டுக்குள்ளே பெண்களுக்கு வாசிச்சுக் காட்டினாங்க, நல்ல வேலைதான். அதைப் பிரசங்கம்னு ஆயர் பட்டியலுக்குப் பக்கத்துல போடலாமா ஐயா?’ என்று கேட்டார். வாலிபர்களில் ஒருவர் நேர் எதிராக, ‘மதராஸின் முதல் பெண் பிரசங்கி’ என்று தலைப்பே எழுதி வைத்திருந்தார். இரண்டுமே சரியில்லை என்பதைக் காட்ட, புராட்டஸ்டண்ட் பெண் பிரசங்கிகளின் வரலாற்றை ஆசிரியை ஒரு மாலை முழுக்க எடுத்துச் சொன்னார். அதன் சாரத்தை இங்கே தருவது அவசியம், முடிவுகள் அதிலிருந்துதான் வந்தன.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் இயக்கத்தாரிடையே பெண்கள் தொடக்கத்திலேயே ஊர் ஊராகப் பேசினார்கள். மேரி ஃபிஷர் 1656-இல் ஆன் ஆஸ்டினோடு பாஸ்டனுக்குப் போய்ச் சிறைப்பட்டார், 1658-இல் துருக்கி சுல்தானையே நேரில் பார்த்துப் பேசினார். பெண்கள் பேசுவதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டு என்று மார்கரெட் ஃபெல் 1666-இல் எழுதினார்.

18-ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி தொடங்கிய மெத்தடிஸ்ட் இயக்கத்தில் நடந்ததுதான் இந்தச் சபைக்கு நெருங்கியது. 1761-இல் டெர்பியில் சாரா கிராஸ்பி சுமார் 30 பேர் வருவார்கள் என்று ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். ஏறக்குறைய 200 பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேச வழியில்லாமல் எல்லாருக்குமாகப் பேசினார். வரம்பு மீறிவிட்டேனா என்று ஜான் வெஸ்லிக்கு எழுதிக் கேட்டார். மீறவில்லை என்றும், மெத்தடிஸ்டுகள் பெண் பிரசங்கிகளை அனுமதிப்பதில்லை என்று மட்டும் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு மனதில் உள்ளதைப் பேசலாம் என்றும் வெஸ்லி பதில் எழுதினார். மீஞ்சூர்ப் பக்கத்து லாந்தர் இரவும் இதே மாதிரிதான் வந்தது. அனுமதி யாரும் கொடுக்கவில்லை. கூட்டம் நின்றது, பேச வேண்டியவர் படுத்துவிட்டார். கிராஸ்பியும் கணக்கு வைத்தவர்தான். 1777-இல் 960 மைல் சவாரி, 220 பொதுக்கூட்டம், சுமார் 600 சிறு கூட்டம் என்று அவரே குறித்தார்.

பிரசங்கிக்கும்படி மேரி போசன்கேக்குக் கடவுளிடமிருந்து வந்தது அசாதாரணமான அழைப்பு என்று வெஸ்லி 1771-இல் ஒப்புக்கொண்டார். 1787-இல் சாரா மாலட்டுக்கு மெத்தடிஸ்டுகளின் ஆண்டு மாநாட்டின் அனுமதியே கிடைத்தது. வெஸ்லி இறந்து இயக்கம் நிறுவனமாக நிலைத்த பிறகு, 1803 மாநாடு பெண்கள் பெண்களுக்கு மட்டுமே பேசலாம் என்று சுருக்கியது, அதற்கும் மேலதிகாரியின் அனுமதி வேண்டும். அதிலிருந்து விலகி நின்ற ப்ரிமிட்டிவ் மெத்தடிஸ்டுகளும், 1815-இல் தோன்றிய பைபிள் கிறிஸ்டியன்களும் பெண்களைச் சம்பளம் கொடுத்துச் சுற்றுப் பிரசங்கிகளாக வைத்தார்கள். அந்தச் சபைகளும் காலூன்றியதும் பெண்களின் எண்ணிக்கை தேய்ந்தது. அமெரிக்காவில் கறுப்பினத்துச் சபையான ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் சபையில் ஜரீனா லீ 1819-இல் அதன் பேராயர் ரிச்சர்ட் ஆலனின் சம்மதம் பெற்று ஆயிரக்கணக்கான மைல் சுற்றினார், குருப்பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. அடிமையாகப் பிறந்த அமாண்டா ஸ்மித் 1879 முதல் 1881 வரை இந்தியாவிலேயே பிரசங்கம் செய்தார். கேத்தரின் பூத் 1860-இல் கேட்ஸ்ஹெட்டில் பேசத் தொடங்கிய பிறகு உருவான இரட்சணிய சேனை, பெண்களுக்கு ஆண்களோடு சமமான பதவி கொடுத்து 1882-இல் இந்தியாவுக்கு வந்தது.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் இந்தப் பாட்டிக்கு முன்னால் பலர் இருந்தார்கள். பாளையங்கோட்டையில் 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா ஒரு சபையையே கூட்டி வளர்த்தார். மதராஸில் அன்னாள் சத்தியநாதன் 1860-களில் வீட்டுப் பெண்களிடம் போகும் வேலையைத் தொடங்கி 1890-இல் இறக்கும்வரை நடத்தினார். நெல்லைச் சீமையில் 1890-களின் கடைசியில் எமி கார்மைக்கேலும் பொன்னம்மாளும் பெண்கள் குழுவாக மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார்கள்.

எனவே ‘முதல்’ என்ற பட்டம் நிற்காது. வீட்டுக்குள் வாசித்தது மட்டும்தான் என்பதும் நிற்காது. பெண்களுக்கு மட்டும் என்ற எல்லை 1803 மாநாடு வகுத்த எல்லை, வேலை நடந்த விதம் அந்த எல்லைக்குள் அடங்கவில்லை. மூத்த உறுப்பினர் அந்த லாந்தர் பக்கத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். ஆட்சேபத்தை அவரே திரும்பப் பெற்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பதினான்கு பேரையும் ஆயர்கள் இருக்கும் அதே அத்தியாயத்தில் ஆண்டுவாரியாகச் சேர்ப்பது என்று முடிவானது. பின்னிணைப்பாகத் தனியே போட்டால் பழைய கணக்குப் புத்தகம் செய்ததையே மலரும் செய்ததாகிவிடும் என்றார் சங்கத் தலைவி.

ஒவ்வொரு பெயரின் கீழும் வரும் தகவலுக்குச் சான்றின் நிலை குறிக்கப்பட்டது. நோட்டும் ரொக்கப் புத்தகமும் ஒத்தால் ஒரு குறி, ரொக்கப் புத்தகம் மட்டும் என்றால் வேறு குறி, குடும்பத்தார் வாய்மொழி மட்டும் என்றால் இன்னொன்று. ‘பிரசங்கித்தார்’ என்ற வாசகம் அப்படி எழுதப்பட்ட பதிவு கையில் இருந்த இருவருக்கு மட்டும். மற்றவர்களும் பேசியிருக்கலாம். பதிவில்லாமல் எழுதினால் இந்த இருவரின் பதிவும் மதிப்பிழக்கும்.

கடினமான முடிவு வீடுகளைப் பற்றியது. ‘விசேஷம்’ என்ற கட்டத்தில் போன வீடுகளின் நிலைமை எழுதப்பட்டிருந்தது. யாரைப் புருஷன் அடித்தான், எந்த வீட்டில் கருக்கலைந்தது, யார் ரகசியமாக ஜெபிக்கிறாள், எந்த ஜாதி, எவ்வளவு கடன். அத்தனையும் நம்பிக்கையோடு சொல்லப்பட்டவை. பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள், சில முஸ்லிம் குடும்பங்கள். இதை அச்சில் போட்டால் மலர் விறுவிறுப்பாக இருக்கும் என்று வாலிபர் ஒருவர் சொன்னார். பேத்தி அதற்கு ஒரே பதிலாக, ‘எங்க ஆயா பேரு இருக்கட்டும் தம்பி. ஆயா போய் வந்த வூட்டுக்காரங்க பேரு எதுக்கு? அவங்க பேரப் பிள்ளைங்க இன்னும் இதே தெருவுலதான இருக்காங்க’ என்றார். அதுவே விதியானது. இந்த ஆய்வில் சபையும் தெருவும் ஆட்களும் பெயரில்லாமல் இருப்பதும் இதனால்தான். வீட்டு எண், குடும்பப் பெயர், ஜாதி, நோய் எதுவும் வெளியே வராது. ஸ்கேன் பிரதிகளிலும் அந்தக் கட்டம் மறைக்கப்பட்ட தொகுப்பு ஒன்று, மறைக்காத தொகுப்பு ஒன்று. மறைக்காதது பேத்தியின் கையெழுத்து இல்லாமல் யாருக்கும் காட்டப்படாது.

மூல நோட்டுகள் குடும்பத்திடமே இருக்கும் என்றும் முடிவானது. சபை அலுவலகம் தரைத்தளம், அடுத்த மழைக்கு அதுவும் நனையும். பேத்தியின் மகள் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறார். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, மூடி இறுகாத எஃகுப் பெட்டியில் வைத்து, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பலகை மேல் வைத்தார்கள். நாப்தலீன் உருண்டை போடவில்லை. அதன் ஆவி அதே அறையில் படுத்துறங்குகிறவர்களுக்கு ஆகாது. மாதம் ஒரு முறை திறந்து பார்ப்பதே வெள்ளிப் பூச்சிக்குப் போதிய காவல். ஸ்கேன் பிரதிகள் சபைக் கணினியில் ஒன்று, குடும்பத்திடம் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் ஒன்று.

பிறகு நடந்தது

மலர் வெளியானதும் மூன்று குடும்பங்கள் தாமாக வந்தன. ஒரு வீட்டில் துணிப்பையே இருந்தது. புகைப்படத்தில் தோளில் தொங்கும் பைகளின் அதே தையல். அந்த வீட்டார் சொன்னதைக் கொண்டு நால்வரில் இருவரின் பெயர் உறுதியானது. மற்ற இருவர் இன்னும் தெரியாதவர்களாகவே இருக்கிறார்கள்.

எதிர்ப்பும் வந்தது. பட்டியலில் உள்ள ஒருவரின் பேரன், பாட்டி விதவையாக இருந்து சம்பளத்துக்கு வேலை செய்தார் என்று அச்சில் வந்தது குடும்பத்துக்குக் குறைச்சல் என்று வருத்தப்பட்டார். ஆயர் நேரில் போய்ப் பேசினார். வாசகம் மாறவில்லை, மறுபதிப்பில் அந்தக் குடும்பம் தந்த படமும் பிறந்த ஊரும் சேர்க்கப்படும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

எதிர்பாராத விளைவு ஒன்று, இப்போதைய பெண் ஊழியர்களின் சம்பளம் பற்றியது. சபையில் இப்போது வீட்டுச் சந்திப்புக்குப் போகும் இரண்டு பெண் ஊழியர்களுக்கு ஆட்டோ செலவு மட்டும் சில்லறைக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ரொக்கப் புத்தகத்தை வாசித்த செயலாளரே அதைக் கமிட்டிக்குக் கொண்டுவந்தார். இருவர் பெயரும் ஊழியர் பட்டியலில் ஏறின, சம்பளம் தீர்மானமாகப் பதிவானது, சேமநல நிதியில் சேர்க்கும் வேலை நடந்துவருகிறது. தென்னிந்தியத் திருச்சபை 1976-லேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2013-இல் நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது. தெருவில் நடக்கும் ஊழியரின் ஆட்டோ காசு அதன் பிறகும் பத்து வருஷம் சில்லறையிலேயே கிடந்தது. இந்த வேலையில் கிடைத்த எதையும்விட இந்தத் தீர்மானம் பெரியது என்பது எங்கள் கருத்து.

இனி செய்கிறவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை

ரொக்கப் புத்தகத்தை முதலில் வாசிக்க வேண்டும். நடவடிக்கைப் புத்தகத்தில் தேடிப் பல மாதங்கள் போயின. போக்குவரத்து, சில்லறை, விளக்கெண்ணெய், கூடார வாடகை என்ற தலைப்புகளில்தான் பெண்களின் பயணம் தென்படுகிறது. ஒரே பெயர் 25 வருஷத்துக்கு மேல் நீண்டால் இருவராக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

சபையாருக்கு மழைக்காலத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்கலாம்: பழைய நோட்டு, ரசீது, படம் எதுவானாலும் கட்டிலுக்கு அடியிலிருந்து பரணுக்கு ஏற்றுங்கள், நனைந்தால் பிரிக்காமல் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள், லேமினேஷன் வேண்டாம்.

குடும்பத்தாரிடம் கையெழுத்து வாங்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஊழியரின் பெயரை வெளியிடலாமா என்பது ஒன்று. அவர் எழுதிவைத்த பிறர் சங்கதிகளை யார் பார்க்கலாம் என்பது இன்னொன்று. ஒரே படிவத்தில் ஒரே கையெழுத்தாக வாங்கியபோது இரண்டும் கலந்துபோய், பேத்தியிடம் மறுபடி போக வேண்டியிருந்தது.

மிஸ்ஸியம்மாவின் கணக்குப் புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை. லண்டன் மிஷனும் வெஸ்லியன் மிஷனும் விட்டுச்சென்ற தாள்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் கல்லூரி நூலகத்திலும், ஸ்காட்டிஷ் மிஷனுடையவை எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்திலும், வீட்டுப் பெண்களிடையே வேலை செய்த ஆங்கிலிகன் ஜெனானா மிஷனுடையவை பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. தேடுகிறவர்கள் சபையின் பெயரைவிட, மிஸ்ஸியம்மாவின் பெயரையும் பெண்கள் கமிட்டியின் பெயரையும் கொண்டு கேட்க வேண்டும், பெண்கள் வேலைக்கான பணமும் ரிப்போர்ட்டும் அவர்கள் வழியாகத்தான் போயின. இந்தச் சபையின் விண்ணப்பம் 1928 முதல் 1950 வரையிலான பெண்கள் வேலைக் கணக்குகளைக் கேட்டு அனுப்பப்பட்டிருக்கிறது.